கச்சியப்ப முனிவரும் இன்ப நெறியும்

எவ்வுயிர்க்கும் இயல்பாய் அமைந்த விழைவு ஒன்றுண்டு. அஃது இன்பத்தை அடைதலும் துன்பத்தின் நீங்குதலுமாம். எறும்பு இனிப்பை நாடி ஊர்தலும், அரசன் பிறர் நாட்டை நாடிப் போர்மேற் செல்லுதலும், துறவோன் காட்டை நாடி மனையை விடுதலும், ஆராயுங்கால், இவ்வொரு விழைவின் வேறுபாடுகளேயாம். ஆயின், இன்பம் என்பதுதான் யாது? நோய் நீங்கின் அந்நீக்கமே இன்பமா? அன்றி, நீங்கியபின் வந்து நிறைவதாகிய வேறொரு பொருள் உண்டா? உண்டெனின், அதனை உயிர் தன்னுள்ளிருந்தே எடுத்துக்கொள்கின்றதா, கொடுப்பான் ஒருவன் கொடுக்கப் பெறுகின்றதா? இவ்வினாக்கள் கற்றோர் பொழுதுபோக்கிற்கு எழுப்பிக்கொள்வன அல்ல. ஒருவன் தன் வாழ்நாளை எவ்வழியிற் செலுத்துவான் என்பது இவற்றிற்கு அவன் கொள்ளும் விடையையே பற்றி நிற்கும். அவ்விடையை நூலாலும் வாழ்க்கையாலும் ஒருங்கே காட்டிய பெரியோருள் ஒருவர் திருத்தணிகைக் கச்சியப்ப முனிவர். அவர் வரலாறு ஈண்டு அந்நோக்குடன் சுருக்கி உரைக்கப்படும்.

தொண்டை நாட்டின் வடபால், தமிழ் வழங்கும் நிலமும் தெலுங்கு வழங்கும் நிலமும் தலைப்பெய்யும் எல்லையில் திருத்தணிகை விளங்குகின்றது. 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது சித்தூர் மாவட்டத்தோடு அப்பாற் சென்ற இத்தலம், எல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாளன்று மீண்டும் தமிழகத்தோடு சேர்ந்தது. இப்பொழுது திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. மலைமேல் ஏறுதற்கு அமைந்த படிகள் 365 ஆதலின், அவை ஆண்டின் நாள்களைக் குறிப்பன என்று அடியார் கொள்வர்.

இத்தலத்திற்குப் பல பெயர்கள் வழங்கும். அவற்றுள் இரண்டு நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதன. சூரபன்மனொடு பொருத வெகுளியும், வள்ளிநாச்சியார் பொருட்டு வேடரொடு பொருத வெகுளியும் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்தருளிய இடமாதலின் செருத்தணி என்றும் தணிகை என்றும் பெயர் பெற்றது. எல்லா நலமும் குறைவின்றி நிறைந்த இடமாதலின் சீபரிபூரணம் என்றும் பெயர் பெற்றது. முன்னது தணிவைக் குறிப்பது. பின்னது நிறைவைக் குறிப்பது. ஒரே மலைக்கு இவ்விரு பெயரும் அமைந்தமை தற்செயலன்று. தணிவு மட்டும் இன்பமாகாது, தணிந்த இடத்தில் நிறைவும் வருதல் வேண்டும் என்னும் சித்தாந்த முடிபு இவ்விரு பெயருள்ளும் அடங்கிக் கிடக்கின்றது. அதனை வெளிப்படுத்தியதே நம் முனிவர் வாழ்வு.

கச்சியப்பர் என்னும் பெயருடைய புலவர் இருவர் உளர். கந்தபுராணம் அருளிய கச்சியப்ப சிவாசாரியர் காஞ்சிக் குமரகோட்டத்து அருச்சகர். காலத்தால் மிக முற்பட்டவர். இவரோ பதினெட்டாம் நூற்றாண்டினர்; திருத்தணிகையில் தோன்றியவர்; துறவு பூண்டு திருவாவடுதுறை ஆதீனத்தைச் சார்ந்தவர். இருவர்க்கும் பெயர் ஒன்றாதலேயன்றி, முருகன்பாற் கொண்ட அன்பும் ஒன்றாதல் காண்க.

தணிகையிற் பிறந்தவர் ஆவடுதுறைக்குச் சென்றதற்குக் காரணம் கல்வி வேட்கையும் ஞானவேட்கையுமாம். அக்காலத்து அவ்வாதீனத்தில் மாதவச் சிவஞான முனிவர் வீற்றிருந்தார். பொருநை நதியின் கரையில், பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்திற் பிறந்து, இளமையிலேயே ஆதீனத்தை அடைந்து, வடமொழி தென்மொழி இரண்டிலும் கரைகண்டவர் அவர். சிவஞானபோதத்திற்கு அவர் இயற்றிய மாபாடியம் சைவர்க்கு இருக்கும் பெருநிதி. அவரிடம் பாடங்கேட்ட மாணாக்கர் பன்னிருவர் என்பது வழக்கு. தொட்டிக்கலைச் சுப்பிரமணிய முனிவரும் அவருள் ஒருவர். அம்மாணாக்கர் குழுவில் தலைநின்றவர் கச்சியப்ப முனிவர்.

ஆசிரியரிடம் அவர் கேட்ட பாடத்துள் இன்பத்தைப் பற்றிய பகுதியை ஈண்டு ஒருசிறிது நோக்குதல் வேண்டும். அஃதின்றி அவர் பிற்கால வாழ்வு விளங்காது. நையாயிகர், துன்பம் அறவே ஒழிதலே வீடு என்பர். அவ்வொழிவுக்குப்பின் இன்பம் என ஒன்றை அவர் வேண்டார். பாடாணவாத சைவரோ, முத்தியில் உயிர் இன்பமும் துன்பமும் அறியாது கல்லைப்போலக் கிடக்கும் என்பர். ஏகான்மவாதியர், உயிரே இன்பவடிவாகிய பிரமம், அறியாமை நீங்கின் அது தானே தானாய் விளங்கும், பெறுதற்கு வேறு பொருளில்லை என்பர். சிவசமவாதியர், மலம் நீங்கிய உயிர் சிவத்தோடு ஒப்பநின்று ஐந்தொழிலும் செய்யும் என்பர். இக்கொள்கையினர் சிலரை உமாபதி சிவம் 1313-ஆம் ஆண்டில் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் எடுத்து மறுத்தனர். சிவஞான முனிவரும் தம் நூல்களில் விரிவாக மறுத்தனர்.

சித்தாந்தம் கூறுவது யாதெனின், இன்பமே வடிவாய் உள்ளது சிவம். உயிர் அவ்வின்பத்தைத் துய்க்கும் தன்மையது. ஆணவமலம் அத்துய்ப்பைத் தடுத்து நிற்பது என்பதாம். கண்ணில் படலம் மூடிய ஒருவனை எண்ணுக. மருத்துவன் படலத்தை உரித்தான். ஆயினும் அவன் இருள் நிறைந்த அறையுள் இருப்பானாயின் காண்பது ஒன்றுமில்லை. கதிரவன் ஒளியும் வந்து கூடியபோதே காட்சி உளதாம். படலம் உரிதல் தணிவு; ஒளி கூடுதல் நிறைவு. படலம் உரிந்தமையே காட்சி என்பாரும், கண்ணே கதிரவன் என்பாரும், படலம் நீங்கியபின் கண் கதிரவனுக்கு நிகராம் என்பாரும் ஒருபுடை கண்டு மறுபுடை காணாதவர். கொடுப்பான் வேறு, கொள்வான் வேறாயினும், கொடுக்குங்கால் இருவரும் பிரிப்பின்றி நிற்றலே பேரின்பம். தாள் என்னும் சொல்லும் தலை என்னும் சொல்லும் புணர்ந்து தாடலை என ஒரு சொல்லாய் நின்றவழியும், பொருள் இரண்டாய் நிற்றலை நம் ஆசிரியர் இதற்கு உவமையாகக் காட்டுவர். வணங்கிய தலையிலன்றித் திருவடி பொருந்தாது என்னும் நயமும் அவ்வுவமையில் உண்டு.

இப்பாடத்தைக் கேட்டவர் பலர். கேட்டதனைத் தம் வாழ்வின் தொழிலாகச் செய்துகொண்டவர் சிலர். கச்சியப்ப முனிவர்க்கு அத்தொழில் புராணம் பாடுதலாய் அமைந்தது. ஆதீனத்தை விட்டுத் தலந்தோறும் சென்று, அவ்வத்தலத்து அன்பர் வேண்டியவாறு தலபுராணங்களைக் காப்பியச் சுவை ததும்பப் பாடினர். கொங்கு நாட்டில் பேரூர்ப் புராணம், காவிரிக் கரையில் திருவானைக்காப் புராணம், பூவாளூர்ப் புராணம், பார்க்கவ புராணம் எனப்படும் விநாயக புராணம், தம் ஆசிரியர் பாடிய காஞ்சிப் புராணத்திற்கு இரண்டாங் காண்டம், பிறந்த தலத்திற்குத் தணிகைப் புராணம் என அவர் இயற்றியன பல. இவற்றிற்கு மேலும் தூது, அந்தாதி, ஆற்றுப்படை முதலிய பிரபந்தங்களும் உள.

உலகப் பற்றை விட்ட துறவிக்கு நாட்டு வளமும் நகர வளமும் காதலும் போரும் பாடும் வேலை எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். அதற்கு விடை அவர் பாடிய தலங்களின் கதைகளிலேயே உளது. பேரூரில் சுந்தரமூர்த்தி நாயனார் வரவறிந்த பட்டிப்பெருமான், திருவிளையாட்டாக உமையம்மையொடு வயலில் இறங்கி, உழவனாய்ச் சேற்றில் நாற்று நட்டான் என்பது தலவரலாறு. ஆனித் திங்களில் அங்கே நடைபெறும் நாற்று நடவு விழா இதனை இன்றும் நினைவூட்டுவது. மேலைச் சிதம்பரம் எனப் பேர்பெற்ற அத்தலத்தில் ஆனந்தத் தாண்டவம் புரியும் அடிகளே சேற்றிலும் ஊன்றின என்றால், இன்பம் என்பது உலகத் தொழிலை வெறுத்து ஓடுவார்க்கு எங்கோ அப்பாலிருந்து கிடைக்கும் பொருள் அன்று என்பது பெறப்படும். உலகம் மாயையின் காரியமே. ஆயினும் அஃது உயிர்க்கு அருளால் கொடுக்கப்பட்டது. அதனுள் கொடுத்தவனைக் காண்பவனுக்கு அது தடையாகாது.

திருவானைக்காக் கதையோ இதற்கு மறுதலையாகிய ஓர் எச்சரிக்கையைத் தருவது. வெண்ணாவல் நீழலில் எழுந்தருளிய அப்புலிங்கத்திற்குச் சிலந்தி ஒன்று வாயின் நூலால் மேற்கட்டி அமைத்தது. யானை ஒன்று துதிக்கையால் நீர் முகந்து ஆட்டியது. யானைக்குச் சிலந்தியின் பணி அழுக்காய்த் தோன்றியது, அதனைச் சிதைத்தது. சிலந்திக்கு யானையின் பணி பகையாய்த் தோன்றியது. துதிக்கையுட் புகுந்து கடித்தது. இரண்டும் மடிந்தன. இரண்டும் அன்பர்களே, இரண்டும் செய்தது சிவபணியே. ஆயினும் என் பணி என்னும் முனைப்பு உள்ளவரை, பூசையும் துன்பத்திற்கு வித்தாகும். ஆணவத்தின் காரியங்களாக நூல்கள் எண்ணும் மோகம், மதம், அராகம், கவலை, தாபம், வாட்டம், விசித்திரம் என்னும் ஏழும் கோயிலுக்கு வெளியே நின்றுவிடுவன அல்ல. மடத்தினுள்ளும் பூசையறையினுள்ளும் உடன்புகுவன. இன்பத்தை இழப்பிப்பது பொருளின்மை அன்று, இவ்வேழுமே. இதனை மடங்களில் வாழ்வோரும் தொண்டு புரிவோரும் அடிக்கடி எண்ணுதல் தகும். இறைவன் அவ்விரு உயிரையும் கைவிட்டிலன். சிலந்தி கோச்செங்கட் சோழராய்ப் பிறந்து பல மாடக்கோயில்களை எடுத்தது. முனைப்பு ஒழிந்த அன்பு வீண்போகாது என்க.

இனித் தணிகைப் புராணத்திற்கு வருவோம். மூவாயிரத்தின் மேற்பட்ட பாடல்களையுடைய இப்பெருநூல், தலபுராணம் என்னும் பெயரளவில் நில்லாது, செறிந்த தமிழ்க் காப்பியமாய்ப் புலவரால் போற்றப்படுவது. அகத்தியன் அருள்பெறு படலம், நந்தியுபதேசப் படலம் முதலியன சைவ உண்மைகளைத் தருவன. அத்தலத்தில் வந்து வழிபட்டோர் வரலாறுகளை வரிசைப்படுத்தி நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். வந்தவருட் பலர் வறியரல்லர், உயர்ந்த பதவியினர். பிரமன் படைத்தல் தொழிலுக்கு உரியவனாயிருந்தும், பிரணவப் பொருள் அறியாத செருக்கினால் அதனை இழந்து வந்தான். இந்திரன் அமரர்க்கு அரசனாயிருந்தும், திருவிழந்து வந்து நீலோற்பலம் நட்டு வழிபட்டான். இராமன் கதையோ இன்னும் கருதத்தக்கது. அவன் போரில் தோற்று வந்தவனல்லன், வென்று வந்தவன். இராவணனை வதைத்து, சீதையை மீட்டு, இராமேச்சுரத்தில் சிவலிங்கப் பிரதிட்டையும் செய்தபின்னும் உள்ளம் அமைதி பெறாமையின் தணிகைக்கு வந்து அமைதியுற்றான் என்பது வரலாறு.

விரும்பியது கிடைத்தபின்னும் உள்ளம் அமையாமை உலகத்தார் அனைவரும் அறிந்த துன்பமே. கிடையாதவன் துன்பத்திற்காவது காரணம் வெளிப்படையாய் உளது. கிடைத்தவன் துன்பத்திற்குக் காரணம் காணாது அவன் மேலும் மேலும் வேறொன்றைத் தேடுகின்றான். நல்வினையின் பயனாக வரும் இன்பமும் வினைப்பயனே. நுகர நுகரத் தேய்வது. பொன்னாற் செய்த விலங்கும் விலங்கேயாதல் போல, அதுவும் கட்டே. இருவினையும் ஒப்ப நோக்கும் நிலை வந்து, மலம் பரிபாகமுற்று, திருவருட் பதிவு நிகழும்போதே உள்ளம் அமைதியுறும். வென்றவனையும் தணிகைக்கு வருவித்த கதையின் உட்பொருள் இதுவாம்.

அந்நூலுள் களவுப் படலம் தனிச் சிறப்புடையது. வள்ளிநாச்சியாரை முருகப்பெருமான் தினைப்புனத்தில் கண்டு காதலித்த செய்தியை அகப்பொருள் இலக்கணத் துறைகள் யாவும் அமைய முனிவர் விரித்துப் பாடினர். துறவி ஒருவர் களவொழுக்கத்தை இத்துணை விரிவாகப் பாடியது ஏன்? உலகத்தில் இருவர் ஒருவராகியும் இருவராகவே நிற்கும் நிலை அன்பினொன்றே விளங்குவது. ஒருவரேயாயின் இன்பமில்லை, பிரிந்த இருவராயினும் இன்பமில்லை. ஆதலின் அத்துவித இன்பத்திற்கு அகத்திணையினும் அணித்தாகிய உவமை வேறில்லை. அன்றியும், அக்கதையில் தேடிச் சென்றவர் யார் என நோக்குக. வேடர்குலத்துப் பெண்ணாய்க் கவண் சுழற்றிப் புள்ளோப்பி நின்ற வள்ளி, மலையிறங்கிப் பெருமானைத் தேடிச் சென்றிலள். பெருமானே வேடனாய் வந்தான், வேங்கை மரமாய் நின்றான், விருத்தனாய்த் தேனும் தினைமாவும் இரந்தான். அவளுடைய முன்னைத் தவம் அவனை வருவித்தது.

இன்பத்தை நாம் தேடுகின்றோம் என்றே உலகம் எண்ணுகின்றது. உண்மையில் இன்பமே வடிவாயுள்ளவன் நம்மைத் தேடி வருகின்றான். அறியாத வடிவங்களில் வந்து நிற்கின்றான். நம் கையிலுள்ள சிறிது மாவினையும் இரந்து நிற்கின்றான். நாம் செய்யத்தக்கது ஓடித் தேடுதலன்று. புனத்தைக் காத்து, நம் கடமையில் நின்று, வந்தவனை அறிந்துகொள்ளுதலே. பிற்காலத்தே சங்கீத வித்துவானாகிய முத்துசாமி தீட்சிதர் (1775–1835) தணிகையிற் கண்மூடி இருந்தபோது முதியவர் ஒருவர் வந்து அவர் வாயிற் கற்கண்டு இட்டு மறைந்தனர் என்றும், அதன்பின்னரே அவர்க்குப் பாடல் பெருகிற்று என்றும் வழங்கும் செய்தியும் இக்கருத்திற்கு இயைந்ததேயாம்.

நூல்கள் ஒருபுறமிருக்க, முனிவர் வாழ்வில் இக்கொள்கை சோதனைக்குள்ளான இடம் ஒன்றுண்டு. திருத்தணிகையில் கந்தப்பையர் என்னும் வீரசைவர் ஒருவர் அவரிடம் பாடங்கேட்டனர். அம்மாணாக்கரைக் குன்மநோய் பற்றியது. வயிற்றினுள் அனலிட்டதுபோல வருத்தும் அந்நோய் உணவையும் உறக்கத்தையும் ஒருங்கே கெடுப்பது. கற்ற கல்வி அந்நோவின் முன் நில்லாது. அந்நிலையில் ஞானாசிரியர் ஒருவர் யாது செய்யத்தக்கவர்? வினையின் பயன் நுகர்ந்தே தீரவேண்டும் எனக் கூறி வாளா இருத்தல் ஒன்று. உடம்பு நிலையாதது, அதன் நோயைக் கருதற்க என உபதேசித்தல் மற்றொன்று. இரண்டும் நூலோடு மாறுபடா. எனினும் முனிவர் இரண்டையும் செய்திலர். மாணாக்கர் நோய் நீங்குதற்பொருட்டுத் தணிகைப் பெருமானை நோக்கித் திருத்தணிகை ஆற்றுப்படை என்னும் பிரபந்தத்தைப் பாடினர். நோயும் நீங்கிற்று என்பது வழிவழி வழங்கும் வரலாறு.

இதனைக் கேட்பார்க்கு ஓர் ஐயம் எழும். சிவபோகம் ஒன்றையே பேறாகக் கொண்ட சித்தாந்தத் துறவி, உடல்நோய் தீர்தலை வேண்டுதல் தகுமா? சிற்றின்ப வேட்கையோடு இஃது ஒக்காதா? ஒவ்வாது என்பதே விடை. அதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அவர் வேண்டியது தமக்கன்று. பிறன் நோயைத் தன் நோய்போற் கருதுதல் முனைப்பின் செயலன்று. முனைப்பு அடங்கினார்க்கே உரிய செயல். தன் துன்பத்தைப் பொறுத்தல் தவம். பிறன் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டிருத்தல் தவமாகாது. இரண்டாவது, ஆற்றுப்படை என்னும் பிரபந்தத்தின் இயல்பே இவ்வையத்தை அறுப்பது. பரிசில் பெற்று மீள்வான் ஒருவன், வழியில் வறுமையால் வாடி வருவானைக் கண்டு, தான் பெற்றது இன்னவாறு, நீயும் அவனிடம் செல்க என வழிப்படுத்தலே ஆற்றுப்படை. நக்கீரர் திருமுருகாற்றுப்படை இதனை வீட்டு நெறிக்கு ஆக்கியது. பெற்றவனே ஆற்றுப்படுத்த வல்லன். தான் பெறாதவன் பிறர்க்கு வழி கூறுதல் இயலாது. பெற்றவன் வாளா இருப்பானாயின் அவன் பெற்றது ஐயத்திற்கிடமாம். ஆதலின் நோயுற்ற மாணாக்கரை முருகன்பால் ஆற்றுப்படுத்தியமை, முனிவர் தாம் பெற்ற இன்பத்திற்குத் தாமே தந்த சான்றாகும். அவர் உடல்நோய் தணிதலை முடிந்த பயனாகக் கருதிற்றிலர். தணிகைக்குச் செல்லும் வழியின் முதற்படியாகக் கருதினர்.

அப்பயன் ஒரு தலைமுறையோடு நின்றிலது. கந்தப்பையர் தணிகைப் பெருமான்மீது உலா, கலம்பகம் முதலிய பிரபந்தங்களைப் பாடினர். அவர் புதல்வராகிய விசாகப்பெருமாளையரும் சரவணப்பெருமாளையரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சென்னையில் விளங்கிய பெரும்புலவர். முன்னவர் இளைஞர்க்கு எளிதில் விளங்கும் உரைநடையில் இலக்கண நூல்கள் எழுதினர். பின்னவர் பிரபுலிங்க லீலை, நைடதம் முதலியவற்றிற்கு உரை செய்து, தமிழ் நூல்களை அச்சேற்றியோருள் முற்பட்டோரில் ஒருவராய் விளங்கினர். ஆசிரியர் ஒருவர் தம் மாணாக்கர் நோய்ப்படுக்கையின் அருகே கொண்ட இரக்கம், தமிழ்க்கல்வி முழுவதற்கும் பயனாய் விளைந்தமை காண்க.

முனிவர் வாழ்ந்த காலம் அமைதியான காலமன்று. 1780-ஆம் ஆண்டில் ஐதரலி பெரும்படையொடு கருநாடகத்துட் புகுந்தான். அவ்வாண்டே காஞ்சிக்கு அணித்தாகிய புள்ளலூரில் பெரும்போர் நிகழ்ந்தது. மறு ஆண்டில் தணிகைக்கு அணித்தாகிய சோளிங்கரில் மற்றொரு போர் நிகழ்ந்தது. ஊர்கள் எரிந்தன, ஏரிகள் உடைந்தன, பஞ்சம் பின்தொடர்ந்தது. தொண்டை நாட்டு மக்கள் நெல்லுக்கும் நீருக்கும் உயிர்க்கும் அஞ்சி அலைந்த காலம் அது. இன்பம் என்னும் சொல்லைக் கூறுதற்கும் நாணவேண்டிய அக்காலத்திலும் சிவஞான முனிவரும் அவர்தம் மாணாக்கரும் கற்பித்தலையும் பாடுதலையும் கைவிட்டிலர். இன்பம் நாட்டுநிலையால் வருவதாயின், அவர்க்கு அது வந்திராது. நாட்டின் துன்பத்தை மறந்து வருவதாயின், அது இன்பமன்று, மயக்கமேயாம். துன்பத்தினிடையே நின்று, அதனைக் கண்டும் கலங்காது, தம்மால் இயன்ற பணியைச் செய்தமையே அவர் இன்பநிலையின் அடையாளம்.

1785-ஆம் ஆண்டாகிய விசுவாவசு வருடத்துச் சித்திரைத் திங்களில் சிவஞான முனிவர் சிவபரிபூரணம் எய்தினர். ஆசிரியரை இழந்த மாணாக்கர் காஞ்சிமாநகரில் தம் எஞ்சிய நாள்களைக் கழித்தனர். காஞ்சியிலுள்ள சிவாலயங்கள் எண்ணிறந்தன. அவற்றுள் ஆனந்தருத்திரேசம் என்னும் சிறு கோயிலில் எழுந்தருளிய பெருமானிடம் அவர் உள்ளம் பெரிதும் ஈடுபட்டது. அப்பெருமான்மீது வண்டுவிடு தூது, பதிற்றுப்பத்தந்தாதி, கழிநெடில் எனப் பிரபந்தங்கள் இயற்றினர்.

பெருங்கோயில்கள் பல இருக்க, அவர் உள்ளம் அப்பெருமானிடம் தங்கியதன் நயத்தை அத்திருப்பெயரிலேயே காணலாம். உருத்து என்பது துன்பம். அதனை ஓட்டுபவன் உருத்திரன் என்பது ஆன்றோர் கூறும் பொருள். ஆனந்தம் பேரின்பம். துன்பத்தைத் துரப்பவனும் அவனே. இன்பத்தால் நிறைப்பவனும் அவனே. அவர் பிறந்த மலையின் இரு பெயராகிய தணிகையும் சீபரிபூரணமும் எதனைக் குறித்தனவோ, அதனையே அவர் வழிபட்ட இறைவன் திருப்பெயர் ஒருங்கே குறித்தது. தணிகையில் தொடங்கிய வாழ்வு ஆனந்தத்தில் நிறைவெய்தியது என்பது புனைந்துரையன்று. தலப்பெயரும் கடவுட்பெயருமே கூறும் வரலாறு. 1790-ஆம் ஆண்டாகிய சாதாரண வருடத்துச் சித்திரைத் திங்களில், ஆசிரியர் மறைந்த அதே திங்களில், காஞ்சியிலேயே அவர் சிவனடி சேர்ந்தனர்.

இவ்வரலாற்றால் நாம் கொள்ளத்தக்கது யாது? தசகாரியம் கூறும் நம் நூல்கள் தத்துவரூபம் முதலாகப் படிப்படியாக ஏற்றி, ஒன்பதாவதாகச் சிவயோகத்தையும், பத்தாவதாகச் சிவபோகத்தையும் வைத்தன. போகத்தை முதற்கண் வைத்திலர். யோகத்தின் பின்னரே வைத்தனர். யோகமாவது உயிர் தன் செயலற்றுத் திருவருளின்வழி நிற்றல். அது நிகழ்ந்தவழிப் போகம் தானே உளதாம். இன்பமே குறியாக ஓடுபவன் தன்னையே நோக்கி ஓடுகின்றான். அந்நோக்கமே ஆணவமாய் இன்பத்தை மறைக்கும். பணியே குறியாக நிற்பவன் தன்னை மறக்கின்றான். அம்மறதியில் இன்பம் வந்து நிறைகின்றது. இன்பத்தை விரும்புதல் குற்றமன்று. அஃது உயிரின் இயல்பு. அதனைத் தனக்கே உரிய பொருளாகவும், தன் முயற்சியால் ஈட்டும் பொருளாகவும் கருதுதலே குற்றம்.

இக்காலத்தார் இன்பத்தை விலைக்கு வாங்கும் பொருளாகக் கருதுவாராயினர். ஒன்று வாங்கியவுடன் மற்றொன்று குறைந்ததாகத் தோன்றுகின்றது. வேறு சிலர், மனவமைதியே போதும், எதனையும் உணராது மரத்திருத்தலே நலம் என்று பயிற்சி செய்வாராயினர். முன்னவர் தணியாது நிறைய விழைவார். பின்னவர் தணிந்து நிறையாது நிற்பார். தணிகை முனிவர் காட்டிய நெறி இரண்டிற்கும் வேறு. சினம் தணிக, செருக்குத் தணிக, என் பணி என்னும் முனைப்பும் தணிக. தணிந்த உள்ளம் வெறுங்கலமாய்க் கிடவாது, நோயுற்ற மாணாக்கர் ஒருவர்க்கேனும், வழியறியாத வழிப்போக்கர் ஒருவர்க்கேனும், தான் பெற்றதனைக் காட்டுமாயின், அக்கலத்தில் ஆனந்தம் நிறையும்.

மடங்களில் நூல் கற்பிப்போரும், கோயில்களில் பணி புரிவோரும், இல்லறத்தில் நின்று சிவபூசை இயற்றுவோரும் தணிகைப் புராணத்தைக் காப்பியச் சுவைக்காக மட்டும் ஓதாது, அதனைப் பாடியவர் எதனால் இன்புற்றார் என்பதனையும் உடன் எண்ணி ஓதுவாராக. மலையேறும் அடியார் 365 படிகளிலும் கால்வைத்து ஏறுமாறுபோல, ஆண்டின் ஒவ்வொரு நாளும் ஒரு பணியேனும் பிறர்பொருட்டு நிகழுமாயின், மேலே நிற்கும் பெருமான் கீழிறங்கி வந்து கொடுப்பன் என்பது திண்ணம்.

திருச்சிற்றம்பலம்.